வெலைடனின் குடல்வாலில் இருந்த மணல்

"மாம்ஸெல், கி தி எனா லாதான்?"

ஒரு திங்கட்கிழமை காலை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரப் பக்கச் சன்னலில் நின்று ஒரு பெண் கேட்டாள். "அதுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்பது அந்தக் கிரியோல் வாக்கியத்தின் பொருள். மாம்ஸெல் என்பது கல்யாணமாகாத பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். மொரீஷியஸில் அப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என் வீட்டார் மட்டுமே.

அவளுக்கு இருபது வயது இருக்கும். பூப்போட்ட கவுன் கசங்கியிருந்தது. இரண்டு கைகளாலும் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முழங்கை அருகே அகன்ற வாய் வைத்த ஒரு புட்டி இருந்தது. அதில் ஃபார்மலின் திரவத்துக்குள் சுண்டுவிரல் நீளத்தில், கருஞ்சிவப்பாக, வீங்கிய ஒரு துண்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை, புட்டியையே பார்த்தாள்.

"நீ யாரு?"

"அவரு பொண்டாட்டி. லெச்மி."

புட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'வெலைடன்' என்று எழுதியிருந்தது. வேலாயுதன்தான். எப்போதோ ஒரு பதிவு எழுத்தரின் பிரெஞ்சுக் காதில் அப்படி விழுந்து, அப்படியே நின்றுவிட்ட பெயர்.

"டாக்டர் பாத்துட்டு வார்டுக்கு எழுதி அனுப்புவாரு. நாலு நாள் ஆகும்," என்றேன்.

"நாலு நாளா?" அவள் விரல்கள் இறுகின. "ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு. ஒரேயடியா. நான் அவருக்கு மருந்து வெச்சிட்டேனாம், மாம்ஸெல்."

ஒரு சொல் வழியில் மாறிய கதை

அவர்கள் பேசியதெல்லாம் கிரியோலில். இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் தமிழ் கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் வெளியே வரும். வந்ததும் மறுபடி உள்ளே போய்விடும். ஆய்வுக்கூட வேலை படிக்க நான் மதராஸுக்குப் போன கதையையும், அங்கே விடுதித் தோழிகளிடம் பேச்சுத் தமிழ் கற்றுக்கொண்ட கதையையும் முன்பே எழுதிவிட்டேன்.

வெலைடன் தேர் ரூஜ் என்ற ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றோர் இல்லை. வளர்த்தது அக்கா சரஸ்பதி. சரஸ்வதி என்ற பெயரும் அதே பதிவு அலுவலகத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அக்கா இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். ஓடைத் தண்ணீரில் கிரெசோன் என்ற நீர்க்கீரை வளர்த்துக் கட்டுக் கட்டாக விற்றுத் தம்பியை ஆளாக்கினாள்.

தம்பிக்கு ரிவியேர் டு ராம்பார் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து, பேச்சையும் முடித்து வைத்திருந்தாள் அக்கா. தம்பியோ லாரியோடு தெற்கே போய்வந்த இடத்தில், பிளேன் மாக்னியனில் லெச்மியைப் பார்த்துவிட்டார். கல்யாணமாகி எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அக்கா லெச்மியின் கையால் ஒருவாய்கூடச் சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லெச்மி கணவாய்க் கறி வைத்திருக்கிறாள். வெலைடன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி. பிறகு வாந்தி. விடியும்போது வலி கீழே இறங்கி, வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரால் காலை நீட்ட முடியவில்லை. ஞாயிறு காலையில் அறுவை.

குடல்வாலை வெட்டியெடுத்த டாக்டர் கத்தியைக் கீழே வைக்கும்போது, "மணல் மாதிரி நறநறக்கிறது," என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதை வெளியே யாரிடமோ சொன்னார். அந்த யாரோ தாழ்வாரத்தில் இன்னொருவரிடம் சொன்னார். சரஸ்பதியின் காதுக்கு வந்தபோது மணல் பொடியாகிவிட்டிருந்தது. 'வயிற்றுக்குள் பொடி இருந்ததாம்.'

தமிழ்நாட்டில் இடுமருந்து என்கிறார்களே, அதற்கு அங்கே லொங்கானிஸ் என்று பெயர். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள பெண்டாட்டி சோற்றில் கலந்துவிடுவது. சரஸ்பதிக்கு எட்டு மாதத்துக் கேள்வி ஒன்றுக்குப் பதில் கிடைத்துவிட்டது. தம்பி ஏன் தன் பேச்சைக் கேட்காமல் போனான் என்ற கேள்வி.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஒரு நோயாளிக்கு ஒரு பார்வையாளர் அட்டைதான். அதை அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். வெலைடனுக்குக் காய்ச்சல், மயக்கம். அவரிடம், "உன் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா வீட்டுக்குப் போனவள்தான் வார்டுக்கு முப்பது அடி தள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொய்யா விதையும் நானும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது கரும்புத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய காலம். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு தச்சர் இருந்தார். மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வண்டி எதுவும் ஓடவில்லை. நான்காம் நாள் வலி திடீரென்று நின்றுவிட்டது என்று எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். எல்லாருக்கும் நிம்மதி. மறுநாள் இறந்துபோனார்.

அந்த நிம்மதிதான் ஆபத்து என்று மதராஸில் படித்தபோது தெரிந்துகொண்டேன். வீங்கிய குடல்வால் வெடித்ததும் இறுக்கம் விட்டுப்போகும். வலி குறைந்ததுபோல் இருக்கும். சீழ் வயிறு முழுக்கப் பரவுவது பிறகுதான் தெரியும்.

அன்று தெருவில் சொன்ன காரணம் வேறு. தச்சர் சீனக் கொய்யாவை விதையோடு விழுங்கிவிட்டாராம். குன்றுப் பக்கம் காய்க்கும் சின்னஞ்சிறு சிவப்புப் பழம். அதைத் தின்னாத மொரீஷியஸ் பிள்ளை கிடையாது. நான் இரண்டு வருடம் தொடவில்லை.

பிறகு எத்தனையோ குடல்வால்களை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு விதை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே ஒன்றில் கிடைத்தது. அது தக்காளி விதை. அதுவும் ஓரமாக யாருக்கும் தொந்தரவு தராமல் கிடந்தது.

குடல்வால் என்பது ஒரு பக்கம் மூடிய குழாய். பென்சில் கனம்தான். அதன் வாய் அடைபட்டால் ஆரம்பிக்கிறது வினை. பெரும்பாலும் அடைப்பது இறுகிக் கல்லான மலம். குழந்தைகளிடம் உட்சுவரில் உள்ள நிணத் திசு வீங்கியே வாயை அடைத்துவிடும். சில சமயம் புழு. சில சமயம், என்ன தேடினாலும், எதுவுமே இருக்காது.

வாய் மூடினாலும் உட்சுவர் சளியைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறும். மெல்லிய சிரைகள் நசுங்கி, ரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்கும். சுவரில் புண் விழும். அந்தப் புண் வழியாகக் கிருமிகள் உள்ளே நுழையும்; அவற்றைத் துரத்திக்கொண்டு வெள்ளையணுக்கள் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்பாக நேர்த்தியாக ஓட வேண்டிய தசை நார்களுக்கு நடுவே ஊதாப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக நெரிந்துகொண்டு நிற்கும். தசைக்குள் அவை வந்துவிட்டால் குடல்வால் அழற்சி என்று சந்தேகமில்லாமல் எழுதலாம். அதற்கும் மேலே போனால் சுவரே செத்துக் கறுத்து, ஒரு இடத்தில் விட்டுவிடும்.

வெலைடனுக்கு அந்த இடம் வரை போகவில்லை. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் போயிருக்கும்.

கத்தி நறநறத்தது

செவ்வாயும் புதனும் தாழ்வாரத்தில் லெச்மியைக் கடந்துதான் வேலைக்கு வந்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். புட்டியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திசுவை அவசரப்படுத்த முடியாது. அதிலுள்ள தண்ணீரை ஆல்கஹாலில் படிப்படியாக வெளியேற்றி, சைலால் என்ற திரவத்தில் போட்டு, உருகிய மெழுகில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியாக உறையவைக்க வேண்டும். பிறகுதான் வெட்டுபொறியில் பூட்டி, வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவல்களாகச் சீவலாம். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாபோல வரும். நல்ல நாடாவுக்குச் சத்தமே கிடையாது.

வியாழக்கிழமை அந்தக் கட்டியைச் சீவியபோது கத்தி நறநறத்தது. நாடாவில் நீளமான கீறல்கள். கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பில் பல் விழுந்திருந்தது. தோல் வாரில் தீட்டி மறுபடி சீவினேன். மறுபடி அதே சத்தம். மணல் என்று அறுவை டாக்டர் சொன்னது உண்மைதான்.

கிழிந்த சீவல்களில் தேறிய நான்கைக் கண்ணாடித் தகடுகளில் ஏற்றிச் சாயம் போட்டு, எங்கள் நோயியல் டாக்டரிடம் கொண்டுபோனேன். ஸ்காட்லாந்துக்காரர். நரைத்த புருவம். அறிக்கைகளை முதலில் பென்சிலில் எழுதி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மையில் எழுதுவார்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "உட்கார்ந்து பாருங்கள்."

சுவரின் தசையில் வெள்ளையணுக்கள் நெரிந்து கிடந்தன. அதை எதிர்பார்த்தேன். உட்சவ்வுக்கு அடியில் இருந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளரி விதை வடிவத்தில், ஒரு முனையில் முள் வைத்து, கறுத்துச் சுண்ணாம்பேறிய முட்டைகள். கூட்டமாக. சுற்றிலும் பழைய தழும்பு.

"பில்ஹார்சியா," என்றார் டாக்டர்.

ஓடைத் தண்ணீரில் வாழும் ஒரு புழு. சின்ன நத்தையில் வளர்ந்து, தண்ணீரில் நிற்பவர்களின் தோலைத் துளைத்து ரத்தத்துக்குள் போய்விடும். முட்டைகளைச் சிறுநீர்ப்பை, குடல் என்று சுவர்களில் இட்டுவைக்கும்.

"அப்படியானால் இதுதான் காரணமா, டாக்டர்?"

"இந்த முட்டைகள் அங்கே பத்துப் பதினைந்து வருடமாக இருக்கின்றன. வலி வந்தது சனிக்கிழமை. நீங்களே சொல்லுங்கள்."

"தழும்பு குழாயைச் சுருக்கியிருக்கலாம்..."

"இருக்கலாம். இதே முட்டைகளோடு எத்தனையோ பேர் ஒரு நாள் வயிற்றுவலிகூட இல்லாமல் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அங்கே இருந்தது என்பது வேறு, அதனால் வந்தது என்பது வேறு. பார்த்ததை எழுதுவோம்."

தாழ்வாரத்தில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். "அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை," என்றார்.

சரஸ்பதி ஒரு கண்ணை மூடினாள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் சரஸ்பதியை அழைத்துவந்தேன். முப்பத்தைந்து வயதுக்குள்தான். தலையில் துண்டு கட்டியிருந்தாள். தண்ணீரிலேயே நின்று வெளுத்துச் சுருங்கிய பாதங்கள். வாசலில் தயங்கினாள்.

"கூப்பிட்டீங்களே, மாம்ஸெல். என் தம்பிக்கு ஏதாச்சும்...?"

"அவரு நல்லா இருக்காரு. அவரு வயித்துல இருந்ததைப் பாக்கிறீங்களா?"

முகம் மாறியது. "அந்தப் பொடியா?"

"வந்து பாருங்க."

ஒரு கண்ணை மூடச் சொல்லி, மற்றதை நுண்ணோக்கியில் வைக்கச் சொன்னேன். முதலில் தன் இமை மயிரைத்தான் பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ட்யே! கடவுளே, கறுப்பா, விதை மாதிரி..."

"விதை இல்ல. பொடியும் இல்ல. புழு போட்ட முட்டை. ஓடைத் தண்ணில இருந்து வர்றது. உங்க தம்பி சின்ன வயசுல ஓடைல இறங்குவாரா?"

"என்கூடத்தான். கீரை பறிக்க. நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து." நிமிர்ந்தாள். "இதுதான் அவன் வலிக்குக் காரணமா? சரியா சொல்லுங்க."

டாக்டர் சொன்ன இரண்டு வாக்கியமும் என் நாக்கு நுனியில் இருந்தன. அங்கே இருந்தது வேறு. அதனால் வந்தது வேறு. அதைச் சொல்லியிருந்தால் சரஸ்பதி 'அப்படின்னா பொடியாவும் இருக்கலாம்' என்று எழுந்து போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"இதுதான் காரணம்," என்றேன்.

அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் வயித்துல இருந்தா, என் வயித்துலயும் இருக்கணுமே," என்றாள், மெதுவாக.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு பெண்ணாக நான் கேட்க முடிந்தது நல்லதாயிற்று. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "ஒண்ணுக்குப் போறப்போ ரத்தம் வருமா?"

"எங்க பக்கத்துல எல்லாருக்கும் வரும். சின்னப் பசங்களுக்கு வந்தா பெரியவனாயிட்டான்னு சிரிப்பாங்க. எனக்கு வர்றது மாசக் கணக்குன்னு நினைச்சேன். மாசம் பூராவும் வந்தாலும் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

நண்பகலில் எடுத்த சிறுநீர்

பில்ஹார்சியா முட்டைகள் சிறுநீரில் அதிகமாக வெளியேறுவது உச்சிப் பொழுதில். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரச்சொன்னேன். வந்தாள். சிறுநீரைப் பொறியில் வைத்துச் சுழற்றி, அடியில் படிந்ததை ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இவை கறுத்த முட்டைகள் அல்ல. கண்ணாடிபோல் தெளிந்தவை. உள்ளே ஏதோ அசைந்தது.

ஆறவைத்த நல்ல தண்ணீர் கொஞ்சம் சேர்த்தேன். விளக்கை அருகில் நகர்த்தினேன். "இப்ப பாத்துக்கிட்டே இருங்க."

அடுத்த பத்து நிமிடமும் அவள் அசையவில்லை. முட்டை ஒன்றின் ஓடு பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு துளி உயிர் நழுவி வெளியே வந்து, உடம்பெல்லாம் நுண்மயிர் துடிக்க, குறுக்கும் நெடுக்குமாக நீந்தத் தொடங்கியது.

"இது என் உடம்புக்குள்ள இருந்தா வருது?"

"ஆமா. ஓடைக்குப் போய் நத்தையைத் தேடும்."

முகத்தை எடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்ததால் வந்த ஈரமா, வேறா என்று தெரியவில்லை. எழுந்து வெளியே போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன்.

தாழ்வாரத்தில் லெச்மி சட்டென்று எழுந்து நின்றாள், அடி விழும் என்று நினைத்தவள்போல. சரஸ்பதி இடுப்பிலிருந்து பார்வையாளர் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"போ. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்."

லெச்மி அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா..."

"நாளைக்கு உங்க அண்ணன் வந்தா, சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. நீ சமை."

மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. மறுநாள் பிளேன் மாக்னியனிலிருந்து வந்த அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார். வெலைடன் அடுத்த வாரம் வீட்டுக்குப் போனார்.

கடைசி ஊசி

சரஸ்பதியிடம் நான் சொன்னதைத் திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அடுத்த மாதம் வேறொருவன் வருவான். அவன் குடல்வாலில் முட்டை இருக்காது. அவனுக்கும் மனைவிதான் சமைத்துப் போட்டிருப்பாள். அப்போது என்ன சொல்வீர்கள்?"

அதை வெகுநாள் யோசித்தேன். பிற்பாடு அப்படி யாராவது வந்தால், "ஏன் வந்ததுன்னு எனக்குத் தெரியாது, பல பேருக்குக் காரணமே தெரியாம வரும், வீக்கமும் சீழும் இருக்கு, பொடி எதுவும் இல்ல," என்று சொல்லப் பழகினேன். அது 'இதுதான் காரணம்' அளவுக்கு யாரையும் வாயடைக்க வைக்கவில்லை. இருந்தாலும் அதைத்தான் சொன்னேன்.

சரஸ்பதிக்கு ஆன்டிமனி ஊசி. அந்த நாளில் அதுதான் மருந்து. ஒருநாள் விட்டு ஒருநாள், ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போதே இருமல் வரும், பிறகு குமட்டி எடுக்கும், மூட்டெல்லாம் நோகும். பாதியில் ஓடிப்போனவர்கள் உண்டு. அவள் ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் லெச்மி கூட வந்தாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் துண்டு. வாந்தி எடுக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

கடைசி ஊசி நாளில் சரஸ்பதி சன்னலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள்.

"நேத்து உங்க டாக்டரைப் பாத்தேன், மாம்ஸெல். என் தம்பிக்கு அந்த முட்டையாலதான் வந்துச்சான்னு கேட்டேன். 'நிச்சயமா சொல்ல முடியாது'ன்னாரு."

அடுக்கி வைத்திருந்த கண்ணாடித் தகடுகளை மறுபடி அடுக்கினேன்.

"நான் உங்ககிட்ட தெரிஞ்ச அளவுக்கு மேல சொல்லிட்டேன், அக்கா. தப்புதான். வீட்ல சொல்லிட்டீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்?" தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தாள். லெச்மி அங்கே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையசைத்துக்கொண்டிருந்தாள். "நாலு நாளா அந்தத் தரையிலயே கிடந்தா. ஒரு வார்த்தை திட்டல. மருந்து வெச்சவ அப்படியா உக்காந்திருப்பா? அது எனக்குப் புதன்கிழமையே தெரிஞ்சு போச்சு. ஆனா அதுக்குள்ள தெருவெல்லாம் சொல்லிட்டேனே. வாயை விட்டுப் போனதைத் திரும்ப எடுக்கணும்னா, எனக்கும் ஒரு காரணம் வேணும்ல? வெள்ளிக்கிழமை நீங்க கூப்பிட்டுக் குடுத்தீங்க."

சட்டைக் கையை ஊசி போட்ட இடத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தேர் ரூஜ் பஸ்ஸைப் பிடிக்க லெச்மியோடு நடந்தாள். படியிறங்கும்போது லெச்மி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சரஸ்பதி கையை விலக்கவில்லை.